இன்னைக்கு நீ யாரு?

இடது தோள்பட்டை கழன்று விழுந்துவிடும்போல் வலித்தது. மாடிப்படியில் பெஞ்சின் கீழ்முனையைத் தாங்கிக்கொண்டு அவள் பின்பக்கமாக இறங்கிக்கொண்டிருந்தாள். மேல்முனை அவள் புருஷன் கையில். அவன் கொத்தனார், பாரம் தூக்கத் தெரிந்தவன்தான். இரவெல்லாம் கண் மூடாததில் அவன் காலும் தடுமாறியது.

"கொஞ்சம் இறக்கி வச்சுட்டுத் தூக்கலாமா?" என்றான்.

"இறக்கினா மறுபடி தூக்க மாட்டேன். வா."

மாடியில் குடியிருக்கிறவர்கள் கொடுத்த பெஞ்சு அது. முன்னறையில் அம்மாவைக் கட்டிலில் கிடத்தியிருந்தார்கள். நேற்று சாயங்காலம் ஆஸ்பத்திரியில் உயிர் போயிற்று. இன்று நாலு மணிக்கு வண்டி வரும். லாண்டரியில் கூட வேலை பார்க்கிறவர்கள், தெருக்காரர்கள், அண்ணன் வீட்டு ஆட்கள், இவ்வளவு பேர்தான் வருவார்கள் என்று நினைத்துத்தான் நாற்காலி போட்டிருந்தாள். பொழுது ஏறுவதற்குள் அந்த நினைப்பு பொய்த்துவிட்டது. வந்தவர்களில் முக்கால்வாசிப் பேரை அவளுக்குத் தெரியாது. அவர்களுக்கும் அவளைத் தெரியவில்லை. ஆம்புலன்ஸ் ஓட்டுகிற ஒருவர், பெஞ்சோடு வாசலில் வந்து நின்றவளிடம், "இன்னும் ரெண்டு சேர் கிடைக்குமாம்மா? நீங்கதான் வாடகைச் சாமான் கடையா?" என்று கேட்டார்.

"இல்ல. மகள்," என்றாள்.

அவர் கைகூப்பிவிட்டு, தனக்கும் அம்மா மாதிரிதான் என்றார். அதைச் சொல்லும்போதே அவருக்கு வாய் கோணிக்கொண்டது. அவ்வளவு பெரிய உடம்பு சுவரில் சாய்ந்து குலுங்கியதை அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். காலையிலிருந்து இந்த 'மாதிரி'யை எத்தனை பேரிடம் கேட்டாயிற்று. வார்டு கூட்டுகிறவள் சொன்னாள். வாட்ச்மேன் சொன்னார். தன் அப்பா ஆஸ்பத்திரியில் சாகும்போது பக்கத்தில் இருக்க முடியாமல் போன ஒரு பெண், கையில் குழந்தையோடு வந்து சொன்னாள். எல்லோருக்கும் அம்மா மாதிரி. எல்லோரும் நன்றாக அழுதார்கள். அவளுக்குத்தான் கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. வயிற்றுக்குள் ஏதோ தீய்ந்துகொண்டிருந்தது. அது துக்கம் இல்லை என்று அவளுக்குத் தெரியும். பொறாமை. செத்த வீட்டில் பொறாமைப்படுகிறவளும் உண்டா என்று யாராவது கேட்டால், இதோ நிற்கிறேன் என்று சொல்லியிருப்பாள்.

பெஞ்சைப் போட்டுவிட்டு நிமிர்ந்தபோது, கட்டிலின் தலைமாட்டில் மெத்தை வைத்த நாற்காலியில் கண்டக்டர் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. விடிந்ததும் வந்தவள் இன்னும் எழுந்திருக்கவில்லை. ஒல்லியான உடம்பு, ஒட்ட வெட்டிய நரைமுடி. பஸ்ஸில் டிக்கெட் கிழித்து ஓய்வு பெற்றவள், அந்தத் தோல்பையை மட்டும் விடவில்லை. வலது தோளில் எப்போதும் தொங்கும். இப்போதும் தொங்கியது. அம்மாவின் முகத்தில் உட்கார வந்த ஈயை ஒரு துணியால் விரட்டிக்கொண்டிருந்தாள்.

அந்தத் தலைமாடு மகளுடைய இடம். யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. ஆனால் எழுந்திரு என்று அவளிடம் எப்படிச் சொல்வது? நேற்று அம்மா உயிர் போகும்போது பக்கத்தில் இருந்தவள் அவள்தான்.

பெரிய ஆஸ்பத்திரியின் தரைத்தளத்தில், சமையல் கூடத்தையும் தாண்டி, கடைசியாக ஒரு வார்டு உண்டு. இனி மருந்து பிடிக்காது என்று ஆனவர்களைக் கொண்டுவந்து போடுகிற இடம். அவர்களில் தேடி வர ஆளில்லாதவர்களுக்குப் பக்கத்தில் போய் உட்கார நாலைந்து பெண்கள் இருந்தார்கள். சம்பளம் கிடையாது. மத்தியானம் ஒரு டீ கொடுப்பார்கள். லாண்டரி நீராவி நெஞ்சில் இறங்கி இருமலாகி, அம்மா வேலையை விட்டு நின்ற பிறகு அங்கே போக ஆரம்பித்தாள். அங்கேதான் கண்டக்டர் சிநேகிதமானாள்.

வீட்டை அம்மா விட்டுவிட்டாள் என்று சொல்ல முடியாது. காலையில் எல்லோருக்கும் சமைத்து, துணி துவைத்துப் போட்டு, பேத்தியைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டுத்தான் வார்டுக்குக் கிளம்புவாள். பேத்தியைக் கைக்குழந்தையிலிருந்து வளர்த்ததே அவள்தான். பள்ளிக்கூடத்தில் பெற்ற அம்மாவை வரையச் சொன்னபோது பேத்தி வரைந்தது பாட்டியை. அந்தப் படம் இன்னும் அலமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டியிருக்கிறது. ஒட்டியது மகள்தான். கிழிக்கவும் மனம் வரவில்லை, பார்க்கவும் பிடிக்கவில்லை. உள்பக்கம் ஒட்டிவைத்தாள்.

வார்டில் உட்காருகிறவர்களுக்கு ஒரு சட்டம் இருந்தது. அதைப் போட்டதே அம்மாதான் என்பார்கள். சாகக் கிடக்கிறவர் யாரென்று நினைத்துக் கூப்பிடுகிறாரோ, அன்றைக்கு அவளாக இருந்துவிட வேண்டும். நான் அவள் இல்லை என்று சொல்லக்கூடாது. பெண்டாட்டி பேரைச் சொன்னால் பெண்டாட்டி. பெற்றவளைக் கூப்பிட்டால் பெற்றவள். அண்ணன் வந்தானா என்று கேட்டால், வந்துட்டான், வெளியில் செருப்பு கழட்டுறான் என்று சொல்ல வேண்டும்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு எல்லோரும் உட்கார்ந்ததும் பேத்தி கேட்பாள்: "பாட்டி, இன்னைக்கு நீ யாரு?"

"இன்னைக்கு ஒரு மிலிட்டரிக்காரருக்குப் பொண்டாட்டி. ஏன்டி இவ்வளவு லேட்டுன்னு என்னைப் போட்டுத் திட்டுறாரு. பஸ் கிடைக்கலங்கன்னேன்."

கொத்தனார் சோற்றைப் பிசைந்துகொண்டே, "ஏன் அத்தை, எனக்குத் தெரியாம எனக்கு எத்தனை மாமனாரு? கல்யாணத்தப்ப ஒருத்தருக்குத்தான் கணக்கு சொன்னீங்க," என்பான். அம்மா இருமல் வரும்வரை சிரிப்பாள். அடுத்த பேச்சு கண்டக்டரைப் பற்றி இருக்கும். கண்டக்டர் இன்றைக்கு என்ன சொன்னாள், எதற்குச் சிரித்தாள், எவரிடம் சண்டைக்குப் போனாள்.

மகளும் சிரித்திருக்கிறாள். ஆனால் லாண்டரியிலிருந்து தோள் கழன்று வந்து உட்கார்ந்திருக்கும்போது, தட்டில் இருப்பதைவிட அந்தக் கதைகள்தான் அதிகமாகப் பரிமாறப்பட்டன. ஒரு நாள் பொறுக்காமல், "ஊர்ல உள்ளவங்களுக்கெல்லாம் யார்யாராவோ இருக்கீங்க. எனக்கு ஒரு நாள் யாராவது இருங்களேம்மா," என்று சொல்லிவிட்டாள்.

அம்மா அவளை வினோதமாகப் பார்த்தாள். "உனக்கு நான் நானாத்தானே இருக்கேன். உனக்கு எதுக்குடி வேஷம்?"

அது பதிலா, தட்டிக் கழித்ததா என்று அவளுக்கு இன்றுவரை தெரியவில்லை.

லாண்டரியில் அவளைச் சேர்த்துவிட்டது அம்மாதான். ஹோட்டல்களிலிருந்து வண்டி வண்டியாக விரிப்புகள் வரும். ஈர விரிப்பைச் சூடான உருளைக்குள் இந்தப் பக்கம் இரண்டு பேர் நுழைக்க வேண்டும். அந்தப் பக்கம் கொதிக்கக் கொதிக்க வருவதை இரண்டு பேர் இழுத்துப் பிடித்து மடிக்க வேண்டும். அம்மாவும் அவளும் மடிக்கிற பக்கம். ஆளுக்கு இரண்டு மூலை. எதிரும் புதிருமாக நடந்து வந்து மூலையோடு மூலை சேர்க்கும்போது கைகள் தொட்டுக்கொள்ளும். விரிப்புக்கு ஒரு தடவை, நாள் முழுக்க. ஒருவரோடு ஒருவர் பேச முடியாத இரைச்சல் அங்கே. பேசாமலேயே பல வருஷம் போயிற்று. விரல்நுனி வெந்து வெந்து ரேகையே இல்லாமல் வழவழப்பாகிவிட்டது இரண்டு பேருக்கும். போனில் விரல் வைத்துத் திறக்கிற பூட்டு அவர்கள் கைக்குத் திறக்காது. பேத்தி அதற்கு இரண்டு பேரையும் சேர்த்துக் கேலி செய்வாள். சேர்த்துக் கேலி செய்தது அவளுக்குப் பிடிக்கும்.

அம்மா நின்ற பிறகு எதிர் மூலைக்கு வேறு ஒருத்தி வந்தாள். நல்ல வேலைக்காரிதான். ஒரு மாதம் வரைக்கும் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

நேற்று மத்தியானம் தாண்டி அதே உருளைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தபோதுதான் ஆபீஸ் பெண் வந்து தோளைத் தொட்டாள். போனெல்லாம் அலமாரியில் பூட்டி வைத்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். கண்டக்டர் ஆபீஸுக்குப் போன் போட்டிருக்கிறாள். உடனே வரச் சொன்னாளாம். உருளைக்குள் பாதி போன விரிப்பை விட்டுவிட்டு ஓட முடியாது, தீப்பிடித்துவிடும். அதை முடித்து, ஓடி, இரண்டு பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தபோது அம்மாவின் முகம் வரை துணி இழுத்திருந்தது. தன் அம்மாவையும் அந்தக் கடைசி வார்டில்தான் போட்டிருந்தார்கள். அம்மாவே கேட்டு வாங்கிய படுக்கை.

பக்கத்தில் கண்டக்டர் நின்றுகொண்டிருந்தாள். கண் சிவந்திருந்தது. அமைதியாகப் போனா, என்று மட்டும் சொன்னாள்.

அதற்கு மேல் இவள் ஒன்றும் கேட்கவில்லை. நெஞ்சுக்குள் ஒரு கேள்விதான் இருந்தது. அம்மா கடைசியில் என்னைக் கேட்டாளா? ஆனால் அதைக் கண்டக்டர் வாயிலிருந்து கேட்டு வாங்குவதைவிட நாக்கைக் கடித்துக்கொண்டு கிடக்கலாம். தன் அம்மாவின் கடைசிப் பேச்சு அடுத்தவள் பைக்குள் இருக்கிறது. அதற்காக அவள் முன்னால் கை நீட்ட முடியாது.

இன்னொன்றையும் காலையிலிருந்து கவனித்துக்கொண்டிருந்தாள். லாரி ஓட்டுகிற அண்ணன் ராத்திரியெல்லாம் வண்டி ஓட்டி வந்து இறங்கியதும் கண்டக்டரின் கையைப் பிடித்து, கஷ்டப்பட்டாங்களா என்று கேட்டான். கண்டக்டர் அவன் முகத்தைப் பார்த்து நிதானமாகப் பதில் சொன்னாள். கொத்தனாரிடமும் பேசினாள். அவளிடம் மட்டும் பேசவில்லை. அவள் பக்கம் வந்தால் தோல்பையின் வாரைச் சரி செய்ய ஆரம்பித்துவிடுவாள்.

டீ டம்ளர்களைக் கழுவ அடுப்படிக்குப் போனாள். பேத்தி அங்கே பால் பாத்திரத்தைச் சுரண்டிக்கொண்டு நின்றாள். அழுது முகம் வீங்கியிருந்தது. போன் கடையில் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகிறது. முதல் சம்பளத்தில் பாட்டிக்குத்தான் செருப்பு வாங்கிக்கொடுத்தாள். அது வாசலில் கிடந்தது.

"அம்மா, கட்டெறும்புன்னா யாரு?" என்றாள் பேத்தி.

கழுவிய டம்ளரைக் குழாயடியில் அப்படியே வைத்தாள்.

"யாரு சொன்னது?"

"கண்டக்டர் பாட்டிதான் கேட்டாங்க. உங்க வீட்டுல யாரையாவது பாட்டி கட்டெறும்புன்னு கூப்பிடுவாங்களான்னு. நான் தெரியலன்னேன். ஏம்மா?"

பேத்திக்குத் தெரியாது. கொத்தனாருக்கும் தெரியாது. அண்ணனுக்கு மறந்திருக்கும். சின்ன வயதில் தன்னைவிடப் பெரிய அழுக்குத்துணி மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு அம்மாவுக்குப் பின்னாலேயே நடந்து போவாள். அதற்கு வைத்த பேர். வளர்ந்த பிறகு ஆட்கள் முன்னால் அம்மா அப்படிக் கூப்பிட்டதில்லை. உருளைப் பக்கம், இரைச்சலில், மூலையோடு மூலை சேர்க்கும்போது சில நாள் வாயசைப்பாள். சத்தம் கேட்காது. உதடு தெரியும்.

அது கண்டக்டர் வாய்க்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

கையைத் துடைக்காமலேயே முன்னறைக்குப் போனாள். ஆட்களைத் தாண்டித் தலைமாட்டில் போய் நின்றாள். "கொஞ்சம் பின்னால வர்றீங்களா," என்றாள். கண்டக்டர் ஈ ஓட்டுகிற துணியை ஆம்புலன்ஸ்காரர் கையில் கொடுத்துவிட்டு எழுந்து வந்தாள்.

பின்பக்கம் தண்ணீர்த் தொட்டியும் துணி காயப்போடுகிற கொடியும். கொடியில் அம்மாவின் விரிப்பு ஒன்று தொங்கியது. விடிகாலையில் என்ன செய்வதென்று தெரியாமல் அவள் துவைத்துப் போட்டது. ஹோட்டல்காரர்கள் கழித்துவிட்டதை லாண்டரியில் பிரித்துக் கொடுத்தபோது அம்மா எடுத்துக்கொண்டு வந்தது. ஓரத்தில் சிவப்பு நூல் அடையாளம் இன்னும் இருந்தது.

"அம்மா என்ன சொன்னாங்க?" என்றாள்.

கண்டக்டர் கவிழ்த்துப் போட்டிருந்த வாளியின்மேல் உட்கார்ந்தாள். பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். முழு பஸ்ஸையும் அதட்டிய குரல் மெல்ல வந்தது.

"மூச்சு வாங்கிட்டே இருந்தா. திடீர்னு கண்ணத் தொறந்து என்னையே பார்த்தா. கட்டெறும்பு, வந்துட்டியாடின்னா."

தொட்டியில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. உள்ளே யாரோ பெஞ்சை நகர்த்தினார்கள்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"வந்துட்டேம்மான்னேன்."

அவள் கொடியில் கிடந்த விரிப்பின் ஓரத்தை இழுத்து நேராக்கினாள்.

"நான் கண்டக்டர் அக்கா, நல்லா பாருன்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துச்சு," என்றாள் கண்டக்டர். "உங்கம்மா போட்ட சட்டம்தான். நான் புதுசா வந்தப்ப ஒரு கிழவிகிட்ட, நான் உன் பொண்ணு இல்ல பாட்டின்னு சொல்லித் தொலைச்சேன். உங்கம்மா என்னை வெளிய இழுத்துட்டுப் போய்த் திட்டினா பாரு. ஸ்டாப்புல கைகாட்டுறவள ஏத்தாம விசிலடிச்சுட்டுப் போவியான்னா. அவகிட்டயே நான் எப்படி அதைச் சொல்றது?"

"அப்புறம்?"

"தோள் வலிக்குதாடின்னு கேட்டா."

அவளுக்குத் தன் தோளில் அந்த நேரம் வலி இருந்ததா என்றுகூடத் தெரியவில்லை.

"ஆமான்னேன். என்னை என்ன செய்யச் சொல்ற? கையைத் தூக்கினா. அந்தக் கையைத் தூக்க அவளுக்கு எவ்வளவு நேரம் ஆச்சு தெரியுமா. இங்க வச்சு, கட்டைவிரலால அமுக்கினா. பலமே இல்ல. ஆனா விடல. அமுக்கிட்டே இருந்தா."

கண்டக்டர் தொட்டுக் காட்டியது வலது தோளில், வார் கிடந்து கிடந்து குழி விழுந்த இடம்.

"அது என் தோளுக்கு வந்தது," என்றாள் அவள்.

"தெரியும்."

"தெரிஞ்சே வாங்கிட்டீங்க."

"நீ இல்லையேம்மா. கை அந்தரத்துல நிக்குது. யாராவது தோளைக் குடுக்கணுமா இல்லையா?"

அடித்துவிடலாம் என்றிருந்தது. எழுபது வயதுக் கிழவியை, செத்த வீட்டுக் கொல்லையில், வாளியோடு தள்ளிவிடலாம். அதற்குப் பதிலாகப் பக்கத்தில் போய், "எங்க? சரியா எங்க?" என்றாள். கண்டக்டர் கழுத்தைச் சாய்த்துக் கொடுத்தாள். அவள் கட்டைவிரலை வைத்துப் பார்த்தாள். எலும்பும் தோலும்தான். குழியில் விரல் சரியாக உட்கார்ந்தது. அழுத்தினாள், வேண்டுமென்றே கொஞ்சம் பலமாக. கண்டக்டர் முனகாமல் இருந்தாள். பிறகு, அழுத்தியவளே கையை எடுத்துக்கொண்டாள்.

"இன்னொண்ணு இருக்கு," என்றாள் கண்டக்டர். "சொல்லாம போயிடலாம்னுதான் காலைலேர்ந்து பார்த்தேன். உன் மூஞ்சியைப் பார்க்க முடியல."

பதினேழாம் படுக்கையில் ஒருவர் இருக்கிறாராம். கடைகளுக்குப் போர்டு எழுதிக்கொண்டிருந்தவர். இப்போது கண் போய்விட்டது. எப்போதோ செத்துப்போன தங்கச்சி செவ்வாய்க்கிழமை தோறும் மூன்று மணிக்கு வருகிறாள் என்று நம்பிக்கொண்டிருக்கிறார். வருவது அம்மா. அவள் வந்து கையைப் பிடித்த பிறகுதான் அன்றைக்கு ஒரு வாய் சாப்பிடுவார்.

"கட்டெறும்பு, செவ்வாய்க்கிழமை நீ போய் உக்காருடின்னா. போறேம்மான்னேன். சரின்னு தலையாட்டினா. அப்புறம் கை இறங்கிடுச்சு."

"என் பேர்ல வாக்குக் குடுத்தீங்களா?"

"குடுத்துட்டேன். நான் அப்ப நீ. வேற என்ன சொல்வேன்?"

"செவ்வாய்க்கிழமை எனக்கு ஷிப்ட்டு."

"அதையும் சேர்த்துச் சொல்லியிருக்கணும். தோணல."

"நீங்களே போங்க. என் தோள் உங்களுக்குப் பொருந்துச்சுல்ல. இதுவும் பொருந்தும்."

கண்டக்டர் முதல் தடவையாக அவள் முகத்தை நேராகப் பார்த்தாள். "போன மாசம் உங்கம்மாவுக்கு முடியாதப்ப போனேன். கையைக் குடுத்தேன். பிடிச்சுத் தடவிப் பார்த்துட்டு, நீ யாரு, என் தங்கச்சி கை வழுவழுன்னு இருக்கும்னு தள்ளிவிட்டாரு. நான் சட்டப்படிதான் நடந்தேன், நான்தாண்ணேன்னு சொன்னேன். பொய் சொல்லாதன்னுட்டாரு." பையின் வாரை முறுக்கினாள். "நாலு வருஷம் கூட உக்கார்ந்திருக்கேன். உங்கம்மா கையைப் பார்த்து எனக்கு எவ்வளவு வயித்தெரிச்சல் தெரியுமா? வெந்துபோன கைக்கு ஒருத்தி வயித்தெரிச்சல் படுவாளா? நான் பட்டேன். அந்தக் கை இன்னும் ஒருத்திகிட்டதான் இருக்கு."

அவள் தன் கைகளைப் பார்க்கவில்லை. பார்க்காமலேயே விரல்நுனிகளை உள்ளங்கைக்குள் மடித்துக்கொண்டாள்.

வாசலில் ஹாரன் கேட்டது. நாலு மணிக்கு முன்பே வண்டி வந்துவிட்டிருந்தது.

கட்டிலிலிருந்து ஸ்ட்ரெச்சருக்கு மாற்ற வேண்டும். வண்டிக்காரன், ஆளுக்கு ஒரு பக்கம் பிடிங்க என்றான். ஆம்புலன்ஸ்காரர் தலைப்பக்கத்துக்கு வந்தார், வாட்ச்மேன் வந்தார். யார் எங்கே நிற்பது என்று ஒரு குழப்பம். அவள் எல்லோரையும் விலக்கிக்கொண்டு போனாள். தூக்கக்கூடாது, அடியில் கிடக்கிற விரிப்போடு எடுக்க வேண்டும், நாலு மூலைக்கு நாலு பேர் போதும் என்றாள். கால்பக்கம் அண்ணனையும் புருஷனையும் நிறுத்தினாள். தலைப்பக்கத்தில் ஒரு மூலை அவள். எதிர் மூலை காலியாக இருந்தது. ஆம்புலன்ஸ்காரர் கையை நீட்டினார். அவள் பார்வை அவரைத் தாண்டி, கதவோரம் நின்ற கண்டக்டரிடம் போயிற்று.

"நீங்க பிடிங்க," என்றாள்.

கண்டக்டர் பையைக் கழற்றிப் பேத்தியிடம் கொடுத்தாள். வெறும் தோளோடு அவளை யாரும் பார்த்ததில்லை. மூலையை இரண்டு விரலால் பிடித்தாள்.

"அப்படிப் பிடிச்சா நழுவிடும். மணிக்கட்டுல ஒரு சுத்து சுத்திக்கிட்டு பிடிங்க."

சுற்றிக்கொண்டாள். தூக்கினார்கள். அம்மா பாரமே இல்லை. இரண்டு ஈர விரிப்பின் கனம் இருக்கும். அதற்குள் முடிந்துவிட்டது.

சுடுகாட்டுக்குப் போய்விட்டுத் திரும்பியபோது வெளிச்சம் மங்க ஆரம்பித்திருந்தது. பெஞ்சுகளை மாடிக்குக் கொண்டுபோய் வைத்தார்கள். இந்தத் தடவை அண்ணன் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டான். ஆட்கள் ஒவ்வொருவராகக் கழன்றார்கள். பேத்தி, பாட்டியின் புதுச் செருப்பை உள்ளே கொண்டுவந்து துடைத்து, எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தாள்.

அவள் பின்பக்கம் போனாள். கண்டக்டர் அங்கே தொட்டியில் முகம் கழுவிக்கொண்டிருந்தாள். கொடியில் விரிப்பு காய்ந்து மொடமொடவென்றிருந்தது. அவள் அதை இழுத்து எடுத்தாள். தனியாக மடித்துவிடுவாள், ஆயிரம் தடவை மடித்தவள். ஆனால் இரண்டு மூலையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். மற்ற இரண்டும் தரையைத் தொடப் பார்த்தன. கண்டக்டர் முகத்துத் தண்ணீரோடு ஓடி வந்து அவற்றைப் பிடித்தாள்.

"இழுங்க. இன்னும். தொய்யக்கூடாது."

இழுத்தாள். பழக்கமில்லாததால் அளவுக்கு மேல் இழுத்தாள். இவள் தோளில் சுரீரென்றது. இரண்டு பேரும் எதிரெதிராக நடந்து வந்தார்கள். மூலையோடு மூலை சேர்க்கிற இடத்தில் கண்டக்டரின் விரல்கள் பட்டன. காய்ந்து சொரசொரப்பாக, எச்சில் தொட்டுத் தொட்டுக் காகிதம் கிழித்த விரல்கள். அந்த மனுஷன் தள்ளிவிட்டதில் தப்பில்லை.

"வலிக்குதா?" என்றாள் கண்டக்டர்.

"எந்த பஸ்ஸு போகும் அங்க? லாண்டரிலேர்ந்து?"

"நேர் பஸ் இல்ல. மார்க்கெட்ல இறங்கி மாறணும். ரெண்டே காலுக்கு ஏறினா சரியா இருக்கும். முன்பக்கம் உக்காராத, இஞ்சின் சூடு."

விரிப்பை நாலாக, பிறகு எட்டாக மடித்தாள். சிவப்பு நூல் மேலே தெரியும்படி திருப்பிக் கையில் வைத்துக்கொண்டாள். கண்டக்டர் பையை மாட்டிக்கொண்டு கதவைத் தாண்டும்போது திரும்பி, உள்ளே போனதும் அண்ணேன்னு மட்டும் கூப்பிடு, வேற ஒண்ணும் பேச வேண்டாம், கையைக் குடு, என்றாள்.

அவள் ஷிப்ட்டை யாரிடம் மாற்றிக் கேட்பது என்று யோசித்தாள். எதிர் மூலைக்காரியிடம்தான் கேட்க வேண்டும்.

செவ்வாய்க்கிழமை, மூன்று மணி, பதினேழாம் படுக்கை. அங்கே ஒரு தங்கச்சி பாக்கி.